கணினிக்குள் போன மீனவர்கள்

போன செமஸ்டரில் எங்கள் வகுப்பில் ஒரு விளையாட்டு வைத்தார்கள். ஆறு அணிகள். ஒவ்வொரு அணியும் ஒரு மீன்பிடிக் கம்பெனி. தொடக்கத்தில் கையில் கொஞ்சம் பணம், மூன்று கப்பல். எத்தனை கப்பலைக் கடலுக்கு அனுப்புவது, புதிதாக எத்தனை வாங்குவது என்று ஒவ்வொரு சுற்றிலும் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். கணினி கணக்குப் போட்டு, யாருக்கு எவ்வளவு மீன் என்று சொல்லும். முதல் மூன்று சுற்றும் தீபாவளிதான். எல்லோரும் கப்பல் வாங்கித் தள்ளினோம். நாலாவது சுற்றில் மீன்பாடு குறைந்தது. குறைந்ததை ஈடுகட்ட இன்னும் கப்பல் வாங்கினோம். (ஆமாம், இப்போது எழுதும்போது எனக்கும் சிரிப்பு வருகிறது.) ஆறாவது சுற்றில் கடலில் மீன் இல்லை. கையில் கப்பல்கள் மட்டும் மிச்சம், வாங்க ஆள் இல்லை.

"பார்த்தீர்களா, இதுதான் மனிதனின் பேராசை" என்று வகுப்பு முடிந்தது. எல்லோரும் ஞானம் பெற்ற முகத்தோடு கேன்டீனுக்குப் போனோம். அங்கேதான் கடலூர்ப் பக்கத்து நண்பன் ஒருவன், அப்பா கட்டுமரத்தில் போனவர், டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டான்: "ஒருத்தரோட ஒருத்தர் பேசக்கூடாதுன்னு ரூல் போட்டது யாருடா? எங்க ஊர்ல பஞ்சாயத்துல பேசாம ஒரு புது வலை கூட இறக்க முடியாது."

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் பார்த்ததில், இதே கேள்வியை வைத்துப் பெரிய ஆட்கள் நாற்பது வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றி ஒரு வரி. அதன் மூலம் 'ஃபிஷ் பேங்க்ஸ்'. 1980களில் அதை உருவாக்கியவர் டென்னிஸ் மெடோஸ், 1972ல் வந்த 'வளர்ச்சியின் எல்லைகள்' புத்தகத்தை எழுதியவர்களில் ஒருவர். மூல விளையாட்டில் அணிகள் ஒன்றோடு ஒன்று பேரம் பேசலாம், கப்பலை விற்கலாம். வாயைக் கட்டியது எங்கள் வகுப்பின் சொந்தச் சரக்கு.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கடலில் எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. மீன் அதிகமாக இருந்தால் இரைக்குப் போட்டி, அதனால் பெருக்கம் மந்தம். மீன் மிகக் குறைவாக இருந்தால் குஞ்சு பொரிக்க ஆள் இல்லை. நடுவில் எங்கேயோ பெருக்கம் உச்சத்தில் இருக்கும். அந்த உச்ச அளவை மட்டும் வருடா வருடம் எடுத்துக்கொண்டால் கடல் வற்றாத அட்சய பாத்திரம். இதைச் சமன்பாடாக எழுதியவர் அமெரிக்க உயிரியலாளர் மில்னர் ஷேஃபர், 1954ல். வேடிக்கை என்னவென்றால், வில்பர்ட் சாப்மன் என்பவர் அமெரிக்க வெளியுறவுத் துறையில் இருந்தபோது, 1949லேயே அந்த மேடு போன்ற வளைகோட்டைத் தன் நாட்டின் மீன்பிடிக் கொள்கையாக அறிவித்துவிட்டார். அதாவது கொள்கை முதலில், சமன்பாடு பிறகு! அறிவியல் எப்போதும் முன்னால் போகும், அரசியல் பின்னால் வரும் என்று நம்புகிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்கவும்.

அதே 1954ல் கனடாவின் பொருளாதார அறிஞர் ஸ்காட் கார்டன் ஒரு கட்டுரை எழுதினார். கடல் யாருக்கும் சொந்தமில்லை என்றால், லாபம் சுத்தமாக வற்றும்வரை புதுப் படகுகள் வந்துகொண்டே இருக்கும் என்பது அவர் வாதம். 1968ல் காரெட் ஹார்டின் 'பொதுச்சொத்தின் அவலம்' என்று இதே ராகத்தைப் புல்வெளிக்குப் பாடி உலகப் புகழ் பெற்றார். மீனுக்கு ஒரு சமன்பாடு, காசுக்கு ஒரு சமன்பாடு, இரண்டும் கிடைத்தாயிற்று. இதில் மீனவர் எங்கே என்று கேட்டால், "படகுகளின் எண்ணிக்கை" என்ற ஒற்றை எழுத்தாக இருக்கிறார். எல்லா மீனவரும் ஒரே மாதிரி. யாருக்கும் அண்ணன் தம்பி கிடையாது, ஊர் கிடையாது, பொய் சொல்லத் தெரியாது. எங்கள் வகுப்பு விளையாட்டு போலவே.

இப்படி எண்ணிய எண்ணிக்கை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தைப் பார்க்கலாம். ஜான் கேபட் 1497ல் அந்தப் பக்கம் போனதிலிருந்து ஐரோப்பாவே அங்கே காட் மீன் பிடித்துத் தின்றது. 1968ல் மட்டும் பிடித்தது சுமார் 8,10,000 டன், பெரும்பகுதி வெளிநாட்டு இழுவைக் கப்பல்கள் வாரியது. 1977ல் கனடா 200 கடல்மைல் எல்லையைத் தன்னுடையதாக்கிக்கொண்டு அவர்களை வெளியே அனுப்பியது. இனி நம் விஞ்ஞானிகள், நம் கணக்கு, எல்லாம் சுபம் என்று நினைத்தார்கள்.

இங்கேதான் அந்த ஒற்றை எழுத்து காலை வாரியது. ஒரு கப்பல் ஒரு மணி நேரம் வலை இழுத்தால் எவ்வளவு கிடைக்கிறது என்பதைப் பார்த்துக் கடலில் எவ்வளவு இருக்கிறது என்று ஊகிப்பது வழக்கம். ஆராய்ச்சிக் கப்பல் எடுத்த மாதிரிகளோடு இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொண்டார்கள். காட் மீனோ எண்ணிக்கை குறையக் குறைய எங்காவது ஓரிடத்தில் கூட்டமாக நெருங்கி நிற்கும். கப்பலில் சோனார் இருக்கிறது, கேப்டனுக்கு அனுபவம் இருக்கிறது. அவர் நேராக அந்தக் கூட்டத்துக்குப் போவார், வலை நிறையும். காகிதத்தில் கடல் நிறைந்திருக்கும். கரையோரத்தில் சின்னப் படகு வைத்திருந்தவர்கள் அப்படித் துரத்திப் போக முடியாது, மீன் தேடி வந்தால்தான் உண்டு. மீன் வரவில்லை, வந்ததும் சின்னதாக இருக்கிறது என்று அவர்கள் 1980களின் நடுவிலேயே சொன்னார்கள். சொந்தச் செலவில் உயிரியலாளர்களை வைத்து 1986ல் ஓர் அறிக்கையே தயாரித்தார்கள். 1989ல் அரசு விஞ்ஞானிகளே பழைய மதிப்பீடுகள் மிக அதிகம் என்று கண்டபோது நேரம் கடந்திருந்தது. 1992 ஜூலை 2 அன்று மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி காட் மீன்பிடிப்புக்குத் தடை அறிவித்தார். சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். இரண்டு வருடத்தில் எடுத்துவிடலாம் என்று போட்ட தடை 2024 ஜூனில்தான் முடிவுக்கு வந்தது, அதுவும் 18,000 டன் என்ற சின்ன அனுமதியோடு. மறுபடி பெரிய கப்பல்களை விடலாமா என்ற சண்டை அன்றைக்கே தொடங்கிவிட்டது.

மீனவர் எங்கே போவார் என்பதைக் கணக்கில் எடுக்காததுதான் கோளாறு என்று 1992க்கு முன்பே இரண்டு பேர் எழுதியிருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். பீட்டர் ஆலன், ஜாக்குலின் மெக்லேட். ஆலன், வேதியியல் நோபல் பெற்ற இல்யா பிரிகோஜினின் பிரஸ்ஸல்ஸ் குழுவில் வேலை செய்தவர். மெக்லேட் அப்போது கனடா மீன்வளத் துறை ஆராய்ச்சியாளர், பிற்காலத்தில் ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமையின் தலைவரானவர். நியூஃபவுண்ட்லாந்துக்குத் தென்மேற்கே நோவா ஸ்கோஷியா மாகாணத்தை ஒட்டிய கடலை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1986லும் 1987லும் வந்த அவர்களுடைய கட்டுரைகளில் கடல் பல கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மீனவர்கள் இரண்டு வகை. முதல் வகை கார்ட்டீசியன்கள்: எங்கே மீன் கிடைக்கிறது என்று தகவல் இருக்கிறதோ அங்கே மட்டும் போகிறவர்கள். இரண்டாம் வகை ஸ்டோகாஸ்டுகள்: குருட்டாம்போக்கில் புது இடம் தேடும் துணிச்சல்காரர்கள். (வகுப்பில் நோட்ஸை நம்பிப் படிக்கிறவர்கள், பரீட்சைக்கு முந்தின நாள் எதையோ புரட்டிப் பார்த்து பாஸாகிறவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

முதல் வகை மட்டும் இருந்தால் எல்லோரும் தெரிந்த இடத்திலேயே குவிந்து அதைக் காலி செய்வார்கள், பக்கத்துக் கட்டத்தில் மீன் இருப்பதே யாருக்கும் தெரியாது. இரண்டாம் வகைதான் புது இடத்தைக் கண்டுபிடிக்கும், ஆனால் கண்டுபிடித்ததை அனுபவிக்கப் பின்னாலேயே முதல் வகை வந்துவிடும். ஆகவே ஒருவர் ரேடியோவை ஒட்டுக்கேட்பார், மற்றவர் சங்கேத மொழியில் பேசுவார், பொய் சொல்வார், மௌனம் காப்பார். இந்தத் தகவல் விளையாட்டையும் சேர்த்துப் பார்த்தபோது கடல் அமைதியான ஒரு சமநிலைக்கு வரவே இல்லை. ஏறுவதும் இறங்குவதுமாகவே இருந்தது. 'உச்ச அளவு' என்று சுட்டிக்காட்ட ஓர் இடமே கிடைக்கவில்லை.

ஆனாலும் அது சமன்பாடுகளாலான கடல்தான். தனித்தனி மனிதர்களைக் கணினிக்குள் விட்டுப் பார்க்க இன்னொருவர் வரவேண்டியிருந்தது. அவர் வந்தது கனடாவிலிருந்தல்ல, மேற்கு ஆப்பிரிக்காவில் வேலை செய்த ஒரு பிரெஞ்சுக் குழுவிலிருந்து.

மாலி நாட்டில் நைஜர் ஆறு கடலைத் தொடும் முன்பே பாலைவனத்தின் ஓரத்தில் ஒரு டெல்டாவாக விரிந்துவிடும். கடலே இல்லாத டெல்டா. தெற்கே கினி மலைகளில் பெய்யும் மழை மெல்ல இறங்கி வந்து, ஜென்னே, மோப்தி ஊர்களைச் சுற்றி ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் புல்வெளியை மூழ்கடிக்கும். மீன்கள் ஆற்றைவிட்டு வெள்ளத்துக்குள் பரவி முட்டையிடும், குஞ்சுகள் வளரும். தண்ணீர் வடியும்போது அவை ஆற்றுக்கும் குளங்களுக்கும் திரும்பும். போஸோ என்ற மக்கள் இங்கே நெடுங்காலமாக மீன்பிடிக்கிறார்கள், பிறகு சொமோனோக்கள். ஒவ்வொரு நீர்ப்பரப்புக்கும் 'நீரின் தலைவர்' ஒருவர் இருப்பார். எந்தக் குளத்தை என்றைக்குத் திறப்பது, யார் முதலில் இறங்குவது என்று அவர் சொல்ல வேண்டும். அதே நிலத்தில் தண்ணீர் வடிந்தபின் ஃபுலானிகளின் மாடு மேயும், இன்னொரு பக்கம் நெல் விளையும். மீனைத் தனியாகப் பிரித்துக் கணக்குப் போடவே முடியாத இடம்.

1950, 60களில் நைலான் வலை வந்தது. 1960ல் மாலி சுதந்திரம் அடைந்தது. தண்ணீர் அரசுடையது, பணம் கட்டி லைசென்ஸ் வாங்கினால் யாரும் பிடிக்கலாம் என்றானது. நீரின் தலைவருக்கு மரியாதை மிஞ்சியது, அதிகாரம் குறைந்தது. பிறகு 1973லும் 1984லும் கொடும் வறட்சி. மீன்பாடு ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. "பார்த்தீர்களா, அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டார்கள்" என்றார்கள் சிலர். எங்கள் வகுப்பில் கேட்ட அதே குரல்.

1986ல் ஆர்ஸ்டம் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனமும் மாலி ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். மீனியல்காரர், நீரியல்காரர், மானிடவியல்காரர், பொருளாதாரக்காரர் எல்லோரும் ஒரே குழுவில். ஆளுக்கு ஒரு மூட்டைத் தரவு, ஆளுக்கு ஒரு மொழி. இந்த மூட்டைகளை எப்படி ஒன்றாகக் கட்டுவது? ஃபிரான்ஸ்வா பூஸ்கே என்ற முனைவர் பட்ட மாணவருக்குக் கிடைத்த வேலை இதுதான். 'சூழல்கள், மீன்கள், மனிதர்கள்' என்ற தலைப்பில் அவருடைய ஆய்வேடு 1994ல் லியோன் பல்கலைக்கழகத்தில் ஏற்கப்பட்டது. அதே வருடம் 'மீனவர் சமூகத்தைப் பாவனை செய்தல்' என்ற பொருளில் அவர் குழுவின் கட்டுரையும் வந்தது. சமூக சிமுலேஷன் என்ற துறைக்கே அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது.

அவர் செய்ததை எளிமையாகச் சொல்கிறேன். ஆறு, குளம், வெள்ளக்காடு எல்லாம் கணினிக்குள் தனித்தனி இடங்கள். மீன் இனங்கள் பருவத்துக்கேற்ப அவற்றுக்கிடையே நகரும், பெருகும், சாகும். மீனவர்கள் ஒவ்வொருவரும் ஒரு சின்ன நிரல். இதை ஏஜெண்ட் என்பார்கள் (எல்.ஐ.சி. ஏஜெண்ட் இல்லை). ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் தனக்குத் தெரிந்தது மட்டும்தான் தெரியும். தன் நினைவிலிருந்து எங்கே போவது, எந்த வலையைப் போடுவது என்று முடிவெடுக்கும். முழு டெல்டாவையும் மேலிருந்து பார்க்கும் கடவுள் யாரும் உள்ளே இல்லை. பிறகு விதிகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கலாம்: யாரும் எங்கும் போகலாம் என்றால் என்ன ஆகும்? இந்தக் குளம் இந்தக் குழுவுக்கு என்றால் என்ன ஆகும்?

மீனவர் எண்ணிக்கையை மாற்றாமல், அவர்கள் ஒருவரோடு ஒருவர் கொண்ட ஏற்பாட்டை மட்டும் மாற்றினாலே ஆற்றில் மிஞ்சும் மீன் மாறலாம் என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது. 1954ன் ஒற்றை எழுத்தால் இதைச் சொல்லவே முடியாது. அங்கே நூறு படகு என்றால் நூறு படகு, அவ்வளவுதான். பெரிய குழுவின் மொத்த ஆய்வும் பேராசைக் கதையைச் சிக்கலாக்கியது. அங்கே பிடிபடும் மீனில் பெரும்பகுதி ஒரு வயதுகூட நிரம்பாதது. ஒரு வருடம் வெள்ளம் நன்றாக வந்தால் மீன் திரும்பிவிடுகிறது. சரிவின் பெரும்பங்கு வறட்சியுடையது. அதற்காக மீனவர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, வலைக் கண்ணை அளந்துகொண்டிருந்தால் ஆற்றில் தண்ணீர் வந்துவிடுமா?

நிற்க. இதைப் படித்துவிட்டு "கணினி நிரூபித்துவிட்டது" என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஏஜெண்டுக்குள் என்ன எழுதுகிறோமோ அதுதான் வெளியே வரும். எழுதுகிறவர் பிரான்சில் உட்கார்ந்திருக்கிறார், போஸோ மீனவர் ஆற்றில் இருக்கிறார். "நான் அப்படி முடிவெடுக்க மாட்டேன்" என்று அவர் எப்படிச் சொல்வார்? ஒற்றை எழுத்துக்குப் பதில் நூறு பொம்மைகள், அவ்வளவுதானே வித்தியாசம் என்று நானும் முதலில் நினைத்தேன்.

பூஸ்கேயும் சகாக்களும் இந்தச் சந்தேகத்தை மறைக்கவில்லை. அவர் பிறகு மோன்பெலியேவில் சிராத் என்ற வேளாண் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, 'கோர்மாஸ்' என்ற மென்பொருளை மற்றவர்களோடு சேர்ந்து உருவாக்கினார். 1998ல் அதைப் பற்றி எழுதினார்கள். பொதுவளம், பல ஏஜெண்டுகள் என்ற இரண்டையும் சேர்த்து வைத்த பெயர். ஸ்மால்டாக் மொழியில் எழுதியது. (கணினி பிரிவு நண்பர்கள் இப்போது முகம் சுளிப்பது தெரிகிறது.) அதே காலத்தில் ஒலிவியே பாரெட்டோ என்ற இன்னொரு மாணவர் செனகல் ஆற்றுப் பாசனத்தைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வில் ஒரு வழி கண்டார். மாதிரியை அப்படியே ஒரு விளையாட்டாக மாற்றி விவசாயிகளிடமே கொடுத்துவிட்டார். அவர்கள் ஆடுவார்கள். தங்கள் ஊரில் நடப்பது போல இல்லையென்றால் விதி தவறு என்று அவர்களே சொல்வார்கள். விதி திருத்தப்படும், மறுபடி ஆட்டம். 2003ல் இந்த வழிமுறைக்கு ஒரு சாசனமே எழுதினார்கள். பெயர் 'துணை மாதிரியாக்கம்': மாதிரி முடிவைச் சொல்லாது, பேச்சுக்குத் துணையாக வரும், அவ்வளவுதான்.

மீன் பக்கம் இன்னொரு ஆய்வையும் சொல்லாமல் விட மனசில்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சிங்கி இறால் பிடிக்கிறவர்கள் துறைமுகம் வாரியாகக் கூட்டம் சேர்ந்து கடலைப் பங்கு போட்டிருக்கிறார்கள். வெளியாள் கூடு போட்டால் கயிறு அறுபடும். சட்டம் இல்லை, பத்திரம் இல்லை, ஆனால் எல்லை உண்டு. ஜேம்ஸ் அச்சிசன் என்ற மானிடவியலாளர் இதை 1988ல் புத்தகமாக எழுதினார். 2007ல் ஜேம்ஸ் வில்சனும் இருவரும் கணினியில் சுயநலமான, ஆனால் அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்ளும் ஏஜெண்டுகளை விட்டுப் பார்த்தார்கள். ஒருவர் கூட்டை ஒருவர் அறுக்கலாம் என்று மட்டும் அனுமதித்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவை கூட்டம் சேர்ந்தன, இடம் பிரித்துக்கொண்டன. பேராசை இருந்தது, ஆனால் கதை ஆறாவது சுற்றில் முடியவில்லை. அது ஒன்றும் ராமராஜ்யம் இல்லை, வெளியாளுக்கு அடிதான் விழும். நம் ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கும் அந்த முகம் உண்டு என்று கடலூர் நண்பனே ஒப்புக்கொண்டான்.

இதையெல்லாம் படித்த கையோடு விடுதியில் அந்த விளையாட்டை நாங்களே மறுபடி ஆடினோம். இந்த முறை ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் பத்து நிமிடம் பேச்சு. நண்பன்தான் 'நீரின் தலைவர்'. அணிக்கு நாலு கப்பலுக்கு மேல் கடலுக்குப் போகக்கூடாது என்று மூன்றாவது சுற்றில் ஒரு முடிவு வந்தது, இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழுந்துபோய்த் திரும்பி வந்தார்கள். பத்தாவது சுற்றிலும் கடலில் மீன் இருந்தது. கடைசியில் சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது ஓர் அணி மட்டும் ஐந்தாவது சுற்றிலிருந்தே ஆறு கப்பலை அனுப்பிவிட்டு நாலு என்று சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்தது.

எங்கள் அணிதான். சீட்டை எழுதியது நான் இல்லை, ஆனால் எனக்குத் தெரியும்.